சாளையில் நிற்கும் சாப்பர் புல்லட்: எங்கிருந்து தொடங்குவது?

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கும் நண்பரின் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். அவருடைய சித்தப்பா 1984ஆம் ஆண்டு புல்லட் 350 ஒன்றைத் தொண்ணூறுகளில் ஒரு பட்டறையில் கொடுத்துச் சாப்பராக மாற்றியிருக்கிறார். முன் ஃபோர்க் நீளமாக்கப்பட்டுள்ளது, பின்னால் அகலமான டயர் உள்ளது, முன் பிரேக்குக்கு லீவரும் இல்லை, கேபிளும் இல்லை. பல ஆண்டுகளாகத் தோட்டத்துச் சாளையில் நிற்கும் அந்த வண்டியை, இதுவரை ஒரு பிளக்கைக்கூடக் கழற்றியிராத அவர் தானே பிரித்துச் சரிசெய்து, மனைவியை ஏற்றிக்கொண்டு திம்பம் வழியாகத் தாளவாடி போய்வர விரும்புகிறார். எஞ்சின் வேலைக்கு எவ்வளவு ஆகும், அதைத் தானே செய்ய முடியுமா என்பதே அவர் எழுதியிருப்பது. ஆனால் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது, முன்பின் அறியாத ஒருவர் வெட்டி ஒட்டிய வண்டியை நம்பி இரண்டு பேர் ஏறலாமா என்பதைத்தான். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்திவிட்டு, இப்போது கோவை கணபதியில் பழைய வண்டிகளுக்கான சிறு பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். வண்டியை நான் பார்க்கவில்லை. ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியது எது, கையால் தொட்டுப் பார்த்தால் மட்டுமே சொல்லக்கூடியது எது என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துக் காட்டுகிறேன்.

உறுதியானவற்றுள் முதலாவது, எஞ்சினைக் கடைசியாகத் தொட வேண்டும் என்பது. பழகுகிறவர்கள் எல்லோரும் எஞ்சினில்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் அது சத்தம் போடும், வேலை நடந்ததுபோல் தோன்றும். எஞ்சின் ஓடாவிட்டால் வண்டி சாளையிலேயே நிற்கும், யாருக்கும் கேடில்லை. சேஸின் கழுத்தில் விரிசல் இருந்து, முன்னால் பிரேக்கும் இல்லாத வண்டியின் எஞ்சின் மட்டும் நன்றாக ஓடுவதுதான் ஆபத்து. சேஸ், ஃபோர்க், பிரேக், சக்கரம் ஆகியவற்றை முடித்த பிறகே எஞ்சினுக்குப் பணம் ஒதுக்குங்கள். குரோமைப் பற்றி அதற்கும் பிறகு யோசிக்கலாம்.

இரும்பைத் தொடுவதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். சித்தப்பா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்றுவதும் அப்போதே வரும். இதில் உங்களுக்கு இருக்கும் உண்மையான சிக்கல் வேறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும் விதமாக உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனையும் சேர்க்கப்பட்டது. 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிய 2021இல் விதிகள் வந்தன, ஆனால் உங்கள் வண்டிக்கு அந்த வயது ஆகவில்லை; அந்த வயது ஆன பிறகும் பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்த வழி திறக்காது. எனவே சாப்பராகவே புதுப்பிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, அசல் வடிவத்துக்குத் திருப்புவதே என் அறிவுரை. சித்தப்பாவின் கைங்கரியத்தை அழிப்பது மனத்துக்கு ஒப்பாது என்பது புரிகிறது. பெட்ரோல் டேங்கின் வண்ணத்தையும் சீட்டையும் அவர் நினைவாக வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து சேஸ். ஹேண்டில்பார் தண்டு நுழையும் குழாயைப் பட்டறைகளில் நெக் என்பார்கள். சாப்பர் செய்தவர்கள் முன் சக்கரத்தை மேலும் முன்னால் தள்ள இந்த நெக்கை வெட்டிச் சாய்த்து மறுபடி ஒட்டுவது உண்டு. உங்கள் வண்டியில் அப்படிச் செய்திருக்கிறார்களா என்பதுதான் இந்த வேலை நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கும். பெயின்ட் ரிமூவர் தடவி நெக்கைச் சுற்றியும், கீழிறங்கும் குழாயிலும், சீட்டுக்கு அடியிலும் வண்ணத்தை முழுக்க எடுத்துவிட்டுப் பாருங்கள். கிரைண்டர் தேய்த்த தடம், புள்ளி புள்ளியாக ஓட்டை விழுந்த வெல்டிங், குழாயின் மேல் கூடுதலாகப் போட்ட தகடு, ஒரு விரல் கனத்துக்குப் பூசிய பட்டி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அங்கே வேலை நடந்திருக்கிறது என்று பொருள். சேஸ் எண் வெட்டப்பட்டோ தேய்ந்தோ இருந்தால் அது சட்டச் சிக்கலும் ஆகும். எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துப் பதிவுச் சான்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காண நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. பம்பு வார்ப்புகளுக்கும் ஃபேப்ரிகேஷன் வேலைக்கும் செய்யும் டை பெனட்ரண்ட் சோதனையைக் கோவையில் பல பட்டறைகள் செய்கின்றன. சுத்தம் செய்யும் திரவம், சிவப்பு மை, வெள்ளைப் பொடி என மூன்று டப்பாக்களில் முடியும் வேலை அது. விரிசலுக்குள் புகுந்த மை வெள்ளைப் பொடியின் மேல் சிவப்புக் கோடாக ஊறி வரும். மேற்பரப்பு வரை திறந்திருக்கும் விரிசலை மட்டுமே இது காட்டும், வெல்டிங்குக்கு உள்ளே ஒட்டாமல் விட்ட இடத்தைக் காட்டாது என்பதை நினைவில் வையுங்கள். பித்தளை ஒட்டு வைத்த மூட்டின் மேல் பிறகு யாராவது ஆர்க் வெல்டிங் போட்டிருந்தால் அந்த மூட்டை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன், ஏனென்றால் உருகிய பித்தளை இரும்பின் துகள்களுக்கு இடையே ஊடுருவி அந்த இடத்தையே விரிசல் விடக்கூடியதாக்கிவிடும், மேலே பார்க்க அழகாகவே இருக்கும். நெக் வெட்டப்பட்டிருந்தால் அந்தச் சேஸை ஓட்டுவதற்கு எண்ணாதீர்கள். ‘ஒண்ணும் ஆகாதுங்க, இன்னொரு தகடு போட்டுக்கலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். வெட்டப்படவில்லை, விரிசலும் இல்லை என்றால் உங்களுக்குப் பெரிய கண்டம் தாண்டிவிட்டது.

ஃபோர்க்கில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் உள்ளன. ஒன்று வடிவக் கணக்கு. புல்லட்டின் இரு சக்கர மையங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 1.37 மீட்டர். ஃபோர்க்கை 100 மி.மீ. நீட்டினால் முன்பக்கம் ஏறத்தாழ 90 மி.மீ. உயரும், நெக்கின் சாய்வு 4 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். 19 அங்குலச் சக்கரத்தில் ஒரு டிகிரிச் சாய்வுக்கு டிரெயில் என்னும் அளவு ஆறேழு மி.மீ. கூடுகிறது. ஹேண்டில்பார் தண்டின் கோட்டைக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் டிரெயில். ஆக 25 மி.மீ. அளவுக்கு அது கூடிவிடும். நேர்ச் சாலையில் வண்டி நிதானமாகப் போவதுபோல் இருக்கும், ஆனால் மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் சாயும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று பல்லடம், தாராபுரம் பக்கம் பக்கவாட்டில் அடிக்கும்போது, முன்பக்கம் எடை குறைந்து உயர்ந்து நிற்கும் அப்படிப்பட்ட வண்டியைக் கோட்டில் வைத்திருப்பது பழகியவருக்கே சிரமம்.

இரண்டாவது கோளாறு பலத்தைப் பற்றியது. இங்கே லேத் இல்லாத தெரு இல்லை என்பது நமக்கு வரம்தான், ஆனால் எதையும் கடைந்து தந்துவிட முடியும் என்பதாலேயே கடையக் கூடாததையும் கடைந்து கொடுத்துவிடுகிறார்கள். ஃபோர்க் குழாயின் மேல்முனையில் மரை வெட்டி நீட்டிப்புத் துண்டு மாட்டுவது அந்தக் காலத்து வழக்கம். ஃபோர்க் குழாய்களை நெக்கோடு பிணைக்கும் இரண்டு பிடிகளை மேல் டி, கீழ் டி என்கிறோம். பிரேக் பிடிக்கும்போதும் குழியில் இறங்கும்போதும் குழாயை வளைக்கும் விசை கீழ் டி-யின் அடியில்தான் மிக அதிகம். அங்கிருந்து மேல் டி-யை நோக்கிப் போகப் போகக் குறையும். நீட்டிப்பு சிறியதாக இருந்து, மூட்டு இரண்டு டி-களுக்கும் இடையே இருந்தால் ஓரளவு பிழைக்கும். நீட்டிப்பு நீளமாகி மூட்டு கீழ் டி-க்குக் கீழே வந்துவிட்டால், முழுச் சுமையும் ஒரு மரையின் பல்லில் விழுகிறது. உங்கள் வண்டியில் மூட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பிரித்தால்தான் அறியலாம், ஆனால் எங்கே இருந்தாலும் அந்தக் குழாய்களைத் திரும்பப் பயன்படுத்த வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டுகளின் உற்பத்தி 2010 வாக்கில் நின்றுவிட்டாலும் ஃபோர்க் குழாய், டி, ஹேண்டில்பார் தண்டின் பேரிங்கான கோன் செட் எல்லாம் இன்னும் கிடைக்கின்றன. பழைய பொருள் தேடிக் கோவை உக்கடம் போகிறவர்கள் குழாயைச் சமமான கண்ணாடியின் மேல் உருட்டிப் பார்த்து வாங்குங்கள். வளைந்த குழாய்க்கும் கண்ணாடிக்கும் இடையே வெளிச்சம் தெரியும்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. நல்ல நிலையில் உள்ள இரண்டு டிரம் பிரேக்குகளையும் பழகிய கையால் பிடித்தால் 30 மீட்டருக்குள் நிறுத்திவிடலாம் என்று வையுங்கள். பின் பிரேக் மட்டும் இருந்தால் அதே வண்டி 45 மீட்டரைத் தாண்டும். இதில் கண் பார்த்துக் கால் நகரும் நேரத்தின் தூரம் சேரவில்லை. பிரேக் பிடித்த கணமே எடை முன்னால் போகிறது, பின் சக்கரம் லேசாகிறது, லேசான சக்கரம் எளிதில் வழுக்குகிறது. எவ்வளவு அகலமான டயர் போட்டாலும் இது மாறாது. முன் பிரேக்கை அழகுக்காக எடுத்தவர்கள் வண்டியின் பெரும்பாதிப் பிரேக்கை எடுத்துவிட்டார்கள். புதிய வண்டிகளில் 125 சி.சி.க்கு மேல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் 2019 முதல் கட்டாயமாகிவிட்டது, ஆகவே உங்களுக்கு முன்னால் போகும் வண்டி நிற்கிற தூரத்தில் உங்கள் வண்டி நிற்காது.

முன் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் டிரம் இருந்தால் அதைத் திறந்து பாருங்கள். பிரேக் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, ஆகவே கம்ப்ரெசர் காற்றை அடித்துத் தூசியைப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். டிரம் முட்டை வடிவமாகியிருந்தால் சக்கரத்தோடு லேத்தில் மாட்டி மெல்லிய சீவல் எடுக்கலாம்; ஸ்போக்கை இறுக்கிக் கோட்டம் எடுத்த பிறகு இதைச் செய்ய வேண்டும், முன்பே செய்தால் ஸ்போக்கின் இழுவை டிரம்மை மறுபடி கோணலாக்கும். புதிய லைனர் டிரம்மில் முழுப் பரப்பும் உட்காருகிறதா என்பதைச் சாக்குக்கட்டி பூசிச் சுழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிரேக் ஷூவை விரிக்கும் கேம் நெம்புகோல் முழுப் பிரேக்கில் கேபிளோடு 90 டிகிரிக்கு அருகில் நிற்க வேண்டும்; அதைத் தாண்டினால் கையின் பலம் வீணாகும். கேபிள் முனையில் லீவரில் மாட்டும் குமிழான நிப்பிளை ஈயம் வைத்து முறையாகப் பற்றவைத்ததைத்தான் வாங்க வேண்டும். திருகு வைத்து இறுக்கும் அவசர நிப்பிள் வீட்டுக்கு வந்து சேர்வதற்கு மட்டுமே. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி விரிந்து பிடிமானம் தளரும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது உங்கள் கால். 1984 புல்லட்டில் கியர் வலக்காலில், பின் பிரேக் இடக்காலில். இப்போதைய வண்டிகளில் பழகியவருக்கு இது தெரிந்த செய்திதான், ஆனால் நாய் குறுக்கே பாயும் அந்த நொடியில் தெரிந்தது உதவாது, பழகியதுதான் உதவும். வலக்கால் கியரை மிதிக்கும், வண்டி நிற்காது. முன் பிரேக் இல்லாத வண்டியில் இந்தத் தவறுக்கு மாற்றே கிடையாது. பிரேக் சரியான பின்பும், சைட் போட்டு வீடு கட்டாமல் கிடக்கும் இடத்துச் சாலையில் தனியாக, மெதுவாக, கால் தானே இடப்பக்கம் போகும் வரை நிறுத்தி நிறுத்திப் பழகுங்கள். வீட்டில் உள்ள இன்னொரு வண்டியை அதே நாளில் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டாம்.

சக்கரம், போல்ட் ஆகியவற்றில் நீங்களே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அதைத் தூக்கி எறியுங்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் கோன் செட்டின் ஆட்டம் கைக்குத் தெரியும். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் தேய்ந்திருப்பது தெரியும். ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டினால் தளர்ந்தது மட்டும் மந்தமாக ஒலிக்கும். போல்ட்டுகளில் ஓர் எச்சரிக்கை: அந்தக் காலத்துப் புல்லட்டில் பல இடங்களில் பிரிட்டிஷ் மரைதான் இருக்கும். 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ., அதனால் 8 மி.மீ. போல்ட் அதேபோலத்தான் தோன்றும், முதல் சுற்று இறங்கவும் செய்யும். பிறகு ஸ்பேனர் போட்டுத் திருகினால் மரை போய்விடும். முதல் நான்கு சுற்று விரலால் இறங்காத போல்ட்டுக்கு ஸ்பேனர் போடாதீர்கள். அச்சு, பிரேக் தாங்கி போன்ற இடங்களில் தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டையே போடுங்கள். தெருவோரக் கடையில் எடைக்கு விற்கும் போல்ட் அங்கே வேண்டாம்.

பெட்ரோலையும் மின்சாரத்தையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் வண்டி எரிகிறது. பழைய வயரிங்கை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முயலாமல் புதிய கிட் போட்டு, பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ் வையுங்கள். இப்போது பம்பில் வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாயையும் பெட்ரோல் காக்கின் வாஷரையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். சாப்பருக்காக ஃபைபரில் டேங்க் செய்திருந்தால் அதன் பிசினையே இளக்கிவிடக்கூடும், ஆகவே இரும்பு டேங்க்தான் வேண்டும். டேங்கில் ஓட்டை இருந்தால் நீங்களே வெல்டரிடம் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். காலியான டேங்க் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே தங்கிய ஆவி தீப்பொறி பட்டால் வெடிக்கும். அதை ஆவி நீக்கி ஒட்டத் தெரிந்தவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும்.

எஞ்சினை ஆரம்பத்திலேயே பிரித்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி ஒரு நாள் ஊறவிட்டு, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரெசரைப் பிடித்தபடி கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திச் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றினால் பழைய ஆயிலை இறக்கி வடிகட்டிகளைச் சுத்தம் செய்து, பிளக்கின் தீப்பொறிக்கான காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வைத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வை இயக்கும் புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது என்ற கணக்கில் வால்வு இடைவெளியை, அதாவது டேப்பெட்டை, சரிசெய்யலாம். இவ்வளவையும் புதியவர் பொறுமையாகச் செய்துவிட முடியும். கிராங்க், பெரிய முனை பேரிங், போரிங் ஆகியவை லேத்துக்காரர் வேலை. செலவைப் பொறுத்தவரை, ரிங் மாற்றினால் போதுமா, கிராங்கைத் திறக்க வேண்டுமா என்பது தெரியும் முன் யார் தொகை சொன்னாலும் அது ஊகம். பழகாதவர் கிக்கரை அடித்தால் திருப்பி அடிக்கும், கணுக்கால் முறிந்தவர்கள் உண்டு. அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை இறக்கி, டீகம்ப்ரெசரைப் பிடித்துச் சற்றே தாண்டவிட்டு, பிறகு முழுவதுமாக மிதியுங்கள். காலில் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

எல்லாம் சேர்ந்த பின் முதல் ஓட்டம் கீழ்பவானி வாய்க்கால் மேட்டுப் பக்கம் போல ஆளில்லாத சமதரையில், 30 கி.மீ. வேகத்துக்குள், தனியாக இருக்கட்டும். முதல் பத்துக் கிலோமீட்டரில் ஒருமுறை, ஐம்பதில் ஒருமுறை, நூறில் ஒருமுறை நிறுத்தி அச்சு, டி, எஞ்சின் தாங்கி, பிரேக் ஆங்கர் போல்ட்டுகளை இறுக்கிப் பாருங்கள். இந்த எஞ்சினின் அதிர்வில் புதிதாகப் போட்ட எதுவும் முதல் நாளில் தளராமல் இருப்பதில்லை. ஒவ்வொரு போல்ட்டிலும் தலையையும் தாங்கியையும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால், அடுத்த முறை ஸ்பேனர் எடுக்காமலே எது நகர்ந்தது என்று பார்த்துவிடலாம். புதிய லைனர் டிரம்மோடு இழைய இருநூறு கிலோமீட்டராவது பிடிக்கும். அதுவரை பின்னால் ஆளை ஏற்றாதீர்கள். அதற்கு முன்பாக, பெயின்ட் எடுத்த நெக்கின் இரு பக்கத்தையும், கீழ் டி-யின் அடியையும், முன் ஹப்பையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள். படத்தை வைத்து இந்தச் சேஸ் நன்றாக இருக்கிறது என்று என்னால் சான்று தர முடியாது, ஆனால் ஆகாத சேஸ் என்றால் பல நேரம் படத்திலேயே சொல்லிவிடலாம், உங்களுக்குப் பணமாவது மிஞ்சும்.